லேப் கிராஸ் குட்டி: முதல் வருடத்தில் எது மாறும், எது மாறாது

'லேப்' என்று சொல்லி வாங்கி வந்த குட்டி, ஐந்தாறு மாதத்தில் ஒரு காதைத் தூக்கிக்கொண்டு, வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் பல வீடுகளில் 'கிராஸ்' என்ற பேச்சே எழுகிறது. விற்றவரை ஏசுவதில் கொஞ்ச நாள் போகும். பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், இது எவ்ளோ பெருசா வரும்?"

கேட்பதில் தப்பில்லை. ஆனால் கலப்புக் குட்டியைப் பார்த்து அதற்கு அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. அடித்துச் சொல்லக்கூடியவை வேறு இருக்கின்றன. கண் எப்போது திறக்கும், பால் பல் எப்போது விழும், மனிதரோடு பழகும் பருவம் எப்போது முடியும் என்பதெல்லாம் லேப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் ஏறத்தாழ ஒரே கணக்குதான். இரண்டும் கலந்த குட்டிக்கும் அதுவே. உருவத்தைப் பற்றியே கவலைப்பட்டு இந்தக் காலக்கணக்கைக் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் உருவத்தின் கதையை முடித்துவிடலாம். வளர்ந்த லேப்ரடார் 25 முதல் 36 கிலோ வரை இருக்கும். நம் ஊர் நாட்டு நாய் பெரும்பாலும் 12 முதல் 20 கிலோ. அப்பா அசல் லேப், அம்மா அசல் நாட்டு நாய் என்றால் குட்டிகள் பெரும்பாலும் நடுவில் வந்து நிற்கும், ஒன்றுக்கொன்று ஓரளவு ஒத்தும் இருக்கும். சிக்கல் அடுத்த தலைமுறையில்தான். நம் ஊரில் 'லேப் கிராஸ்' என்று கிடைப்பதில் பலவற்றுக்கு அப்பாவோ அம்மாவோ ஏற்கெனவே கிராஸ். அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் இருவரும் பசென்ஜி நாயையும் காக்கர் ஸ்பானியலையும் கலந்து, அந்தக் குட்டிகளை மறுபடி தங்களுக்குள்ளும் பெற்றோர் இனத்தோடும் இணைத்து, பல வருடம் பார்த்தார்கள். இப்படி இரண்டாம் தலைமுறைக்குப் போகும்போதுதான் மரபணுச் சீட்டுகள் நன்றாகக் கலைந்து விழுகின்றன. ஒரே ஈத்தில் ஒன்று தாத்தாவைக் கொண்டிருக்கும், இன்னொன்று பாட்டியைக் கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, பெட்டை நாய் பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் நாய்களோடு சேர்ந்தால் ஒரே ஈத்தில் இரண்டு அப்பன்களின் குட்டிகள் இருக்கலாம். கூடப்பிறந்த குட்டி பக்கத்துத் தெருவில் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்த்து நம் குட்டியைக் கணிப்பது இதனால்தான் பலமுறை பொய்த்துப்போகிறது.

நிறம் இன்னும் வேடிக்கையானது. மஞ்சள் லேப் ஆணும் செவலை நாட்டுப் பெட்டையும் சேர்ந்து, ஈத்து முழுக்கக் கன்னங்கரேல் என்று பிறந்தால் வீட்டில் சந்தேகம் கிளம்பும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. மஞ்சள் லேப்பின் உடம்பில் கருப்புக்கான ஓங்கு மரபணு (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது) பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. அந்தக் கருப்பை மயிருக்குள் விடாமல் தடுக்கும் ஒடுங்கு மரபணு ஒன்று இரட்டைப் பிரதியாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. நாட்டு நாயின் செவலை வருவது முற்றிலும் வேறு வழியில். அதனிடம் தடை கிடையாது, கருப்புக்கான ஓங்கு மரபணுதான் கிடையாது. குட்டிக்கு அப்பனிடமிருந்து கருப்பு வருகிறது, தாயிடமிருந்து தடையில்லாத பிரதி வருகிறது. இரண்டு வெளிர் நாய்களுக்குக் கருப்புக் குட்டிகள். தாயிடமும் அந்தத் தடை ஒரு பிரதி ஒளிந்திருந்தால் மட்டும் சில குட்டிகள் மஞ்சளாகப் பிறக்கும்.

காதுக்கு வருவோம். லேப்புக்குத் தொங்கும் காது, நாட்டு நாய்க்கு நிமிர்ந்த காது. கிராஸ் குட்டிக்கு மூன்று மாதம் வரை இரண்டும் மடிந்துதான் இருக்கும். பல் மாறும் காலத்தில், நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள், காது நாளுக்கொரு நிலையில் நிற்கும்: காலையில் ஒன்று நிமிர்ந்து ஒன்று மடிந்து, சாயங்காலம் இரண்டும் பக்கவாட்டில். சிலது கடைசிவரை பாதி மடிந்தே நின்றுவிடும். காதை நிமிர்த்த டேப் ஒட்டுவது, எண்ணெய் தேய்த்து நீவுவது எல்லாம் வீண் வேலை. நகத்தை எண்ணிப் பார்த்து 'ஒரிஜினல்' என்று சொல்கிறவர்களும் உண்டு. முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நாலுநாலு, மொத்தம் 18 என்பதுதான் நாய்க்கு வழக்கமான கணக்கு. பின்காலில் கூடுதல் நகம் இருந்தால் 20 ஆகும். எந்த இனம், எவ்வளவு அசல் என்பதெல்லாம் அதில் தெரியாது.

இனி மாறாத கணக்கு. பிறந்த குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கவும் அதற்குத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீரே வெளியேறும். 10 முதல் 14 நாளில் கண் திறக்கும், மூன்றாம் வாரத்தை ஒட்டிக் காது கேட்கும், அதே சமயத்தில் பால் பல் முளைக்கத் தொடங்கும். ஆறாவது வாரத்துக்குள் 28 பால் பற்களும் வந்துவிடும். ஊசி மாதிரி கூராக இருக்கும் அந்தப் பல்லால் கூடப்பிறந்ததைக் கடித்து, அது வீறிட்டு விலகிப்போவதைப் பார்த்துத்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது.

நம் ஊரில் குட்டி கைமாறுவது '45 நாள் குட்டி' என்ற கணக்கில். முப்பது நாளிலேயே தூக்கிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. சந்தையில் அதை யாரும் கண்டுகொள்வதாகத் தெரியவில்லை. அந்த இரண்டு மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மேலே சொன்ன கடிப் பாடம் பாதியில் நிற்கும். ஆறு மாதத்தில் 'கையைக் கடிச்சிக்கிட்டே இருக்கு' என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழ பன்னிரண்டாம் வாரம் வரை உள்ள காலம்தான் முதல் வருடத்திலேயே விலைமதிப்பில்லாதது. புதிய மனிதர், புதிய சத்தம், புதிய தரை எதைக் கண்டாலும் முதலில் முகர்ந்து பார்க்கத் தோன்றும் வயது அது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு அதே விஷயங்களைக் கண்டால் முதலில் பயம்தான் வரும். இதை அழுத்தமாகக் காட்டிய சோதனை 1961-ல் வெளியானது. காக்கர் ஸ்பானியல், பீகிள் இனக் குட்டிகளைச் சுற்றிலும் உயரமாக வேலியிட்ட வெளியில் தாயோடு விட்டு, மனிதர் கண்ணில் படாமலே வளர்த்தார்கள். ஒவ்வொரு வயதில் சில குட்டிகளை எடுத்து ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டுத் திரும்ப வைத்தார்கள். பதினான்கு வாரம் வரை மனித வாடையே படாத குட்டிகள், பிறகு எவ்வளவு முயன்றும் மற்றவை போல் மனிதரிடம் ஒட்டவில்லை. அவை காட்டு விலங்கு இல்லை. மனிதரோடு சேர்ந்து வேட்டைக்குப் போகவே உருவாக்கப்பட்ட இனங்கள்.

இந்த இடத்தில்தான் ஒரு முட்டுக்கட்டை. "ஊசி எல்லாம் முடியிற வரைக்கும் வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க" என்று மருத்துவர் சொல்வார். அவர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தெருவில் பல நாய்கள் கழித்த இடத்தை முகர்ந்தாலே குட்டிக்குத் தொற்றலாம். ஊசியைப் பலமுறை போடுவதன் சூட்சுமமும் இங்கேதான். சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்பு சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை அது தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் போட்டுக்கொண்டே வந்து, கடைசி ஊசி பதினாறு வாரம் ஆன பிறகு விழும்படி பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி மூன்று மாதத்தில். கணக்கைப் பாருங்கள்: பழகும் பருவம் பன்னிரண்டில் முடிகிறது, ஊசி பதினாறில் முடிகிறது.

இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது. குட்டியைத் தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போகலாம். கேட்டுக்கு உள்ளே மடியில் வைத்துக்கொண்டு பால்காரரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆட்டோவையும் காட்டலாம். மிக்ஸி ஓடும்போது, குக்கர் விசில் அடிக்கும்போது பக்கத்தில் சோறு வைக்கலாம். ஊசி போட்ட வளர்ந்த நாய் இருக்கும் நண்பர் வீட்டுக்குக் காரில் கூட்டிப்போகலாம். தொப்பி போட்டவர், ஹெல்மெட் போட்டவர், தாடி வைத்தவர், கைத்தடி ஊன்றிய தாத்தா என்று வகைவகையாகப் பார்க்கட்டும். தீபாவளியன்று கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கும் நாய்களில் சில, இந்த மாதங்களை மொட்டைமாடிக் கூண்டிலேயே கழித்தவை.

'லேப் ரத்தம், யாரையும் கடிக்காது' என்ற நம்பிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. 2022-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் குணத்தை அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டறிந்து, அவற்றில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்தது. அதில் கலப்பு நாய்களும் ஏராளம். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சராசரியாக 9 சதவீதம்தான். பாதி லேப் என்ற அடையாளம் தனி ஒரு நாயின் சுபாவத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

உணவில் நம் வீடுகள் இரண்டு துருவங்களில் நிற்கின்றன. ஒன்று, தயிர்சாதம். மூன்று வேளையும் தயிர்சாதமே கண்ட குட்டி வயிறு உப்பி, விலா தெரிந்து, மயிர் மங்கி நிற்கும். வளரும் குட்டிக்கு வேண்டிய புரதத்தில் பாதிகூட அதில் இல்லை. மற்றொன்று, 'நல்லா வளரட்டும்' என்று எலும்பில்லாத கோழிக்கறியாகவே போடுவது. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். ரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்கும். சில வாரங்களில் முன்கால்கள் வளையும். கட்டிலிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறிந்து தூக்கிக்கொண்டு வருவார்கள்.

கால் வளைந்துவிடுமோ என்ற இந்தப் பயத்தில்தான் கால்சியம் சிரப் எல்லா வீட்டு ஃபிரிட்ஜிலும் குடியேறியது. சரிவிகிதமாகத் தயாரித்த குட்டி உணவைக் கொடுத்துக்கொண்டே மேலே சிரப்பும் ஊற்றுவது உதவி இல்லை, உபத்திரவம். வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவு கால்சியத்தை மட்டும் உறிஞ்சும். இளங்குட்டிக்கு ஏறத்தாழ ஆறு மாதம் வரை அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை, போடுவதில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். கிரேட் டேன் குட்டிகளை வைத்து நெதர்லாந்தில் செய்த ஆய்வுகளில், மிதமிஞ்சிய கால்சியம் எலும்பு வளர்ச்சியையே கோணலாக்கியது. பெரிய உருவம் எடுக்கக்கூடிய குட்டிக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். நம் கிராஸ் குட்டி எந்த உருவம் எடுக்கும் என்று தெரியாது. தெரியாதபோது சிரப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

லேப் வழி வரும் பசி வேறொரு விவகாரம். தட்டைக் காலி செய்துவிட்டு, இன்னும் சாப்பிடவே இல்லை என்பது போல முகத்தைப் பார்க்கும் குட்டியை எல்லோருக்கும் தெரியும். கேம்பிரிட்ஜில் எலினார் ராஃபன் குழுவினர் 2016-ல் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். லேப்ரடார்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. 'போதும்' என்ற சமிக்ஞை மூளையில் மங்குகிறது. அப்பா லேப்பிடம் அது இருந்தால் கிராஸ் குட்டிக்கு ஒரு பிரதி வந்து சேரலாம். அந்தக் கெஞ்சல் நடிப்பு இல்லை. ஆனாலும் கரண்டியைக் கையில் வைத்திருப்பவர்தான் மனசைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். 48 லேப்ரடார்களை எட்டு வாரக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஜோடியில் ஒன்றுக்குக் கால்பங்கு குறைத்தே போட்டார்கள். குறைத்துச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. குட்டியின் விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, விரலால் தடவினால் எளிதாகத் தட்டுப்பட வேண்டும். 'கொழுகொழு' என்று இருப்பது அழகாக இருக்கலாம், ஆரோக்கியத்தில் சேராது.

எடைக்கு ஒரு தோராயக் கணக்கு சொல்லலாம். நடுத்தர உருவ நாய் நான்கிலிருந்து ஐந்து மாதத்துக்குள் தன் முழு எடையில் பாதியைத் தொட்டிருக்கும். நான்கரை மாதத்தில் 11 கிலோ என்றால் 22-ஐ ஒட்டி நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பாதம் பெரிதாக இருந்தால் நாய் பெரிதாக வரும் என்பது ஓரளவுக்கு மட்டும் பொருந்தும். மாதம் ஒருமுறை குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, பிறகு நீங்கள் தனியாக ஏறிக் கழித்துப் பார்த்தால் போதும். எடை சீராக ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஏற்றம் திடீரென்று நின்றுபோனால் குடற்புழுவோ உண்ணிக்காய்ச்சலோ இருக்கலாம். நாடாப்புழுவை மட்டும் நினைத்துக்கொண்டு இருந்துவிடக்கூடாது. உருளைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குள் ஏறிவிடும், கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். அதனால்தான் இரண்டு வார வயதிலிருந்தே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சிமருந்து கொடுக்கச் சொல்வது.

நான்கு மாதத்தில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். பாயில் அரிசி மணி போல ஒன்று கிடக்கும். கையில் எடுத்தால்தான் பல் என்று தெரியும். பெரும்பாலானவற்றைக் குட்டி விழுங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிட வேண்டும். புதுக் கோரைப்பல் வந்த பிறகும் பால் கோரைப்பல் விழாமல் பக்கத்திலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. செருப்பு, கதவு நிலை, கட்டில் கால் எல்லாம் பலியாகும் காலம் இது. மாட்டு எலும்பு வேண்டாம், புதுப் பல் உடையும். ஈரத்துணியை முறுக்கி ஃபிரீசரில் வைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

எலும்பு இன்னும் இறுகவில்லை என்பதை இந்த வயதில் மறந்துவிடுகிறோம், ஏனென்றால் குட்டி ஓடும் ஓட்டம் அப்படி. எலும்பின் நுனிகளில் உள்ள வளர்தட்டு குருத்தெலும்பால் ஆனது. சின்ன இனங்களில் அது பத்து மாதத்துக்குள் மூடிவிடலாம், பெரிய இனங்களில் ஒரு வருடத்தைத் தாண்டலாம். நார்வேயில் லேப்ரடார் உட்பட நான்கு பெரிய இனக் குட்டிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறி இறங்கியவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகமாக வந்தது. வெளியில் சங்கிலி இல்லாமல் ஓடி விளையாடியவற்றுக்குக் குறைவாக வந்தது. நம் வீடுகளில் படியைவிட மோசமானது வழுவழு டைல்ஸ். பின்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து விழுந்து எழுந்து ஓடும் குட்டியைப் பார்த்துச் சிரிப்பதோடு, அங்கே ஒரு பழைய கோணிச்சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போட்டுவிட வேண்டும்.

'கிராஸுக்கு நோயே வராது' என்ற சமாதானம் இங்கே உதவாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 27,000-க்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளை எடுத்து 24 மரபுவழிக் கோளாறுகளை ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டது. பத்துக் கோளாறுகள் அசல் இனங்களில் அதிகம். பதின்மூன்றில் வித்தியாசமே இல்லை. இடுப்பு மூட்டுக் கோளாறு அந்தப் பதின்மூன்றில் ஒன்று. முழங்கால் தசைநார் கிழிவது கலப்பு நாய்களில்தான் கூடுதல். கலப்பால் நன்மை உண்டு, ஆனால் எல்லாக் கோளாறுக்கும் அது பொருந்தாது.

ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் ஒருநாள், அதுவரை 'உட்கார்' என்றால் உட்கார்ந்த குட்டி, உங்களைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். பிரிட்டனில் வழிகாட்டி நாய்ப் பயிற்சிக்காக வளர்க்கப்பட்ட லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், இவ்விரண்டின் கிராஸ் குட்டிகளை ஆராய்ந்து 2020-ல் வந்த ஆய்வு சுவாரசியமானது. எட்டு மாதத்தில் அவை வளர்த்தவரின் கட்டளையை ஐந்து மாதத்தில் கேட்டதைவிடக் குறைவாகக் கேட்டன. முன்பின் தெரியாதவர் சொன்னால் அந்தச் சரிவு இல்லை. வீட்டில் பதினாலு வயதுப் பிள்ளை இருப்பவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். பருவம் தாண்டியதும் சரியாகிறது. நம் ஊரில் வளர்ப்பு நாயைத் தெருவில் விடுவது இந்த மாதங்களில் அதிகம் நடக்கிறது என்பது என் கணிப்பு. அழகுக் குட்டி பருவமும் போய், அடங்கும் வயதும் வராத இடைவெளி அது.

இதே மாதங்களில் பெட்டைக் குட்டி முதல் பருவத்துக்கு வரும், பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள். வாசலில் ஆண் நாய்கள் கூடுவதை வைத்தே தெரிந்துவிடும். கருத்தடை எப்போது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. டேவிஸிலிருந்தே 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு கலப்பு நாய்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்த்தது. வளர்ந்து 20 கிலோவைத் தொடும் அல்லது தாண்டும் நாய்களுக்கு ஒரு வயதுக்கு முன் அறுவை செய்தால் மூட்டுக் கோளாறு கூடியது. அதற்குக் குறைந்த எடையில் அப்படிக் கூடவில்லை. லேப் கிராஸ் சரியாக இந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் விழக்கூடியது. நான்கரை மாதத்து எடைக் குறிப்பு இங்கே கைகொடுக்கும். சுற்றுச்சுவர் இல்லாத வீடு, தெருவெல்லாம் நாய்கள் என்றால், மூட்டைவிட வேண்டாத ஈத்துதான் பெரிய ஆபத்து. அப்போது காத்திருக்காமல் முடித்துவிடுவதே சரி என்பேன்.

ஒரு வயதில் உயரம் நின்றிருக்கும். லேப் பக்கம் சாய்ந்த குட்டிக்கு மார்பும் தோளும் நிரம்ப இன்னும் ஐந்தாறு மாதம் ஆகலாம், அதனால் ஒல்லியாக இருக்கிறதே என்று சோற்றைக் கூட்ட வேண்டாம். குட்டி உணவிலிருந்து வளர்ந்த நாய் உணவுக்கு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றிவிடலாம். பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநாய்க்கடி மூன்றுக்கும் முதல் வருட பூஸ்டர் இந்த மாதம்தான்; ஊசி அட்டையில் தேதியைப் பார்த்து, தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.